சொந்த வியாதிகளை வாசலில் விடவும்

டிங்.

உள்ளங்கையால் தட்டினால் சிணுங்கும் அந்தப் பித்தளை மணி எங்கே ஒலித்தாலும் என் வலது முழங்கால் வலிக்கிறது. எனக்கு முழங்கால் வலி கிடையாது. லஸ் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பவன் நான். மோட்டார் பழுதாகும் நாட்களில் குடத்தோடு ஏறி இறங்கும் கால் அது, நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த ஓசை கேட்டதும் கை தானாகப் போய் முட்டியைப் பிடித்துக்கொள்கிறது. முகம் தானாகக் கோணுகிறது. "ராத்திரில தூக்கமே இல்ல டாக்டர்" என்று முனக வாய் தயாராகிறது. போன வாரம் ஒரு வங்கியில் இப்படி ஆகி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பதறி எழுந்து இடம் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டேன். நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

நான் உரைநடையில் கவிதை எழுதுகிறவன். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டு, "அது சரி, வேலைக்கு என்ன பண்றீங்க?" என்பார். அப்படி வேலைக்கு ஒன்றும் பண்ணாமல் இருந்த ஒரு வெயில் காலத்தில் தொலைபேசி வந்தது. ஏழை எளிய, புறக்கணிக்கப்பட்ட மக்களுக்குச் சேவை செய்ய மருத்துவர்களையும் செவிலியர்களையும் தயார் செய்யும் ஒரு தொண்டு நிறுவனம். பேசியவர் அதன் இயக்குநர். எல்லோரும் அவரை டைரக்டர் மேடம் என்றார்கள், நானும் அப்படியே.

"ஏழைங்க பேசற மாதிரி வசனம் வேணும் சார். நீங்க கவிஞர்தானே, வறுமை பத்தித் தெரிஞ்சிருக்குமே?"

"ஓரளவுக்கு" என்றேன்.

நேரில் போனபோது என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "சார், உங்க முகத்துலயே ஒரு வறுமை இருக்கு. வசனம் எழுதறதோட நிறுத்தாம, நீங்களே ஒரு நோயாளியா உட்கார்ந்துடுங்களேன்." என் முகத்தைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. ஒப்புக்கொண்டேன்.

முறை இதுதான். படிப்பு முடித்து, ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலும் குப்பங்களிலும் உள்ள சின்ன கிளினிக்குகளுக்குப் போகப்போகிறவர்கள் முதலில் எங்களிடம் வருவார்கள். நாங்கள் ஆளுக்கொரு அறையில் ஏழைகளாக உட்கார்ந்திருப்போம். மணி அடித்ததும் ஒருவர் உள்ளே வந்து பேசுவார், மூலையில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார், மறுபடி மணி அடித்தால் அடுத்தவர். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதி, வியாதிக்கு அடியில் ஒரு ரகசியம். வியாதியைக் கேட்டவுடன் சொல்லலாம். ரகசியத்தை மட்டும், வந்தவர் நெஞ்சில் கை வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று சொன்ன பிறகுதான் அவிழ்க்க வேண்டும். சொல்லவில்லையா, செத்தாலும் வாய் திறக்கக் கூடாது. சாவி போட்டால் மட்டும் திறக்கிற அலமாரிகள் நாங்கள்.

இடம், தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் ஏழைகளுக்குக் கிடைத்தது. கீழே தெருவில் ஆடித் தள்ளுபடி ஒலிபெருக்கி, "ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம், வாங்க வாங்க" என்று காலை முதல் கத்தும். மேலே ஏசியின் குளிரில் நாங்கள் வியர்வையை நடித்துக்கொண்டிருப்போம். தடுப்புகளைப் பந்தல்காரர் கட்டிக் கொடுத்தார். அவரிடம் இருந்தது கல்யாணத் துணிதான். ஆகவே எங்கள் குப்பத்து கிளினிக்குகளுக்கெல்லாம் ஜரிகைக் கரை, இடையிடையே பிளாஸ்டிக் தாமரை. எனக்கு மணமகன் அறை ஒதுக்கப்பட்டது. கதவில் பித்தளை எழுத்தில் அப்படியே எழுதியிருந்தது. உள்ளே நான், காவலாளி வேலை பார்க்கிறவன், சர்க்கரை, முட்டிவலி. ரகசியம்: மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறேன்.

அங்கே யாருக்கும் பெயர் இல்லை, வியாதியே பெயர். நான் முட்டிவலி சார். மேடைக்குப் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் டிபி மாமா. மயிலாப்பூர் சபா நாடகங்களில் நீதிபதியாகவும் சம்பந்தியாகவும் வாழ்ந்து முடித்தவர், கதிரறுக்கும் கூலி வேடத்தை இங்கே வந்துதான் முதல்முறையாக ஏற்றவர். அவர் இருமினால் சமையற்கட்டில் தட்டு அதிரும். "கொஞ்சம் கம்மியா இருமுங்க மாமா" என்று ஒருநாள் சொன்னேன். "க்ஷயம்னா சும்மாவா ஓய்? கடைசி வரிசை வரைக்கும் கேக்க வேண்டாமா? ஆத்துல ஒத்திகை பாத்துண்டு வந்திருக்கேன்" என்றார்.

எனக்கு அடுத்த அறை மணமகள் அறை. அதில் தலைவலி அம்மா.

எங்களில் நடிக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் அவர் ஒருவர்தான். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. தி.நகரில் டைரக்டர் மேடத்தின் உறவினர் வீட்டில் சமையல். அசலான ஒரு ஆள் இருந்தால் பயிற்சிக்கு நல்லது என்று கூட்டி வந்திருந்தார்கள். முதல் நாள் மயில்கழுத்து நிறத்தில் சேலை கட்டி, அதற்குச் சேர்ந்தாற்போல் ரவிக்கை போட்டு, நகத்துக்குச் சாயம் பூசி, தலை நிறைய கதம்பத்தோடு வந்தார். டைரக்டர் மேடத்தின் முகம் வாடிவிட்டது.

"கொஞ்சம் இயல்பா வந்திருக்கலாமே."

"இதான் மேடம் எனக்கு இயல்பு."

வடபழனியில் சினிமாவுக்கு உடை வாடகைக்குத் தருகிற கடையிலிருந்து கிழிந்த சேலை ஒன்று வந்தது. கிழிசல்கள் கூட அளவெடுத்துக் கிழித்தவை. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார் இது? இத்த நா வூட்ல கரித்துணியாகூட வெச்சிக்க மாட்டேன்." ஆனாலும் கட்டிக்கொண்டார். சுற்றிலும் மஞ்சள் பல்புகள் எரியும் மணப்பெண் கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கிழிசலோடு உட்கார்ந்து, தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பயிற்சி பெற வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். அதைச் சொல்லியாக வேண்டும். 'வறுமையை உணர்தல்' என்ற வகுப்பில் அவர்களைத் தரையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, பசியை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துச் சமையற்கட்டிலிருந்து பட்டாணிப் புலாவ் வாசனை வந்தது. பலரும் உண்மையாகவே உணர்ந்தார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. முந்தைய பயிற்சியில் டிபி மாமா தன் மூல நோயைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒருவரிடம் சொல்லிவைக்க, அடுத்தடுத்து வந்த அத்தனை பேரும் மூலத்துக்கே வைத்தியம் சொல்லி, காசநோயை ஒருவரும் கண்டுபிடிக்காமல் போய்விட்டார்களாம். அதனால் டைரக்டர் மேடம் காலையில் படிக்கட்டு அடியில் நின்று, எங்களைப் பார்த்துக் கை கூப்பிச் சொல்வார்:

"உங்க சொந்த வியாதியெல்லாம் செருப்போட இங்கயே விட்டுட்டு மேல வாங்க. ப்ளீஸ்."

செருப்பை விட்டோம். மாமா தன்னுடையதை விட்டாரா என்பது அவர் உட்காரும் விதத்தில் சந்தேகமாகவே இருந்தது.

தலைவலி அம்மாவால் மட்டும் விட முடியவில்லை. சாப்பாட்டு வேளையில் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். கலைந்த கொண்டையை வலது கையால் மட்டும் முடியப் பார்க்கிறார். இடது கை தோளுக்கு மேல் வரவில்லை. ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்து, தலையைச் சாய்த்துக் கைக்குக் கொண்டுவருகிறார். ஊஞ்சலில் உட்கார்ந்து ஊசி கோர்ப்பதுபோல் இருந்தது அந்தப் பாடு.

"கை என்ன?"

"ஒண்ணுல்ல சார்." கொஞ்சம் கழித்து அவரே சொன்னார். "கைக்குக் கீழ ஒரு கட்டி. நெல்லிக்கா கணக்கா. வலி கிலி ஒண்ணும் இல்ல. தூக்குனா மட்டும் இய்த்துகினு வருது. முன்னாலயும் ஒண்ணு கீது. அத்த உன்னாண்ட சொல்ல முடியாது."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"வேல செய்ற வூட்டம்மாகிட்ட சொன்னேன். சூட்டுக்கட்டி, வெந்தயம் அரச்சிப் பூசுன்னாங்க. பூசனேன். வெந்தயம் காஞ்சி வுய்ந்துச்சி, இது அப்டியே கீது."

"பெரிய ஆஸ்பத்திரி உங்க வீட்டுக்குப் போற வழியில்தானே இருக்கு?" புற்றுநோய்க்கென்றே இருக்கும் அந்த ஆஸ்பத்திரியை நானும் பெயர் சொல்லாமல்தான் கேட்டேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தார். "டெய்லி அந்த ஸ்டாப்ப தாண்டித்தான் பஸ்ஸு போது. அங்க எறங்கறத எங்க ஏரியாக்காரன் எவனாவது பாத்தான்னு வெய்யி, நா வூடு போய்ச் சேர்றதுக்குள்ள எனுக்குக் கருமாதியே பண்ணிடுவானுங்க. பொண்ணுக்கு இடம் பாத்துகினு கீறோம் சார். ஆத்தாளுக்கே அந்த வியாதின்னா எவன் வருவான்?" மேலே மண்டபத்தைத் தாடையால் காட்டினார். "இங்க பூரா டாக்டருங்கதான். யாரனா ஒர்த்தர் தொட்டுப் பாத்து, அது ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டா நா பாட்டுக்குப் பூடுவேன். இல்ல, அதேதான்னா அதையாவது சொல்லட்டும். வாயத் தொறக்கலாம்னா, செருப்போட வுட்டுட்டு வான்றாங்க."

மேலே மணி அடித்தது. அவர் எழுந்து, தலைவலியை முகத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

மணமகன் அறைக்கும் மணமகள் அறைக்கும் நடுச்சுவரில் உயரே ஒரு ஜன்னல் உண்டு. எந்தக் கட்டடக்காரர் என்ன நினைத்து வைத்தாரோ, அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். மறுநாள் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அங்கே போய்ப் பேசியது அப்படித்தான் எனக்குத் தெரியும்.

சாந்தோம் பெண். பங்குக் கோயில் பாடகர் குழு, அம்மா ஆசிரியை, அத்தைகளில் பாதிப்பேர் செவிலியர்கள். இவளும் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். எல்லா வகுப்பிலும் முன்னால் உட்கார்ந்தாலும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவளுக்கு வரவில்லை. என்னிடம் வந்தபோதும் நெஞ்சில் கை வைத்தாள், தலையைச் சாய்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். "புரியுதுன்னு எப்படி சார் சொல்றது? எனக்கு முட்டி வலிச்சதே இல்லையே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாவி போடவில்லை. உடைத்த மாத்திரை என் தொண்டையிலேயே நின்றது. அவளுக்கு அதற்கு மதிப்பெண் இல்லை.

மணமகள் அறையிலும் வாக்கியம் வரவில்லை. கொஞ்ச நேரம் தலைவலியைப் பற்றிப் பேசினாள். பிறகு, "ஆமா, ஏன் இடது கையத் தூக்க மாட்டேன்றீங்க?" என்றாள்.

"அது இதுல இல்லம்மா."

"எதுல இல்ல?"

தெருவில், ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்.

டிங்.

மாலையில் எங்களை வட்டமாக உட்காரவைத்துக் குறைநிறை சொல்வார்கள். டைரக்டர் மேடம் முதலில் சாந்தோம் பெண்ணைப் பார்த்து, தலைவலி நோயாளியிடம் கையைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்கியதைக் கனிவாகச் சுட்டிக்காட்டினார். அப்புறம் தலைவலி அம்மாவிடம் திரும்பினார்.

"அந்தக் கைய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டீங்களே, பிரமாதம். அவ்வளவு தத்ரூபம். ஆனா ஸ்க்ரிப்ட்ல இல்லாததைச் சேர்க்காதீங்க. பசங்க குழம்பிடறாங்க."

"சரிங்க மேடம்" என்றார் தலைவலி அம்மா. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். சேட்டை செய்த குழந்தையை இழுத்து உட்காரவைப்பதுபோல்.

டிபி மாமா என் காதோரம் குனிந்தார். "ஏன் ஓய், நானும் ஒரு காலை நொண்டிண்டு வரட்டுமா?"

எல்லோரும் போன பிறகு டைரக்டர் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். நடிப்பு இல்லை, உண்மையாகவே ஒரு கட்டி. அவர் கண்களில் வருத்தம் வந்தது. பொய்யான வருத்தம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "அடடா. பயிற்சி முடிஞ்சதும் கண்டிப்பா ஏற்பாடு பண்ணுவோம் சார். இப்ப நடுவுல ஒருத்தர் ஒரிஜினலா மாறினா மதிப்பீடு கெட்டுடும். வெளியிலேர்ந்து பார்க்க வராங்க. நீங்க எழுதறவர், உங்களுக்குத் தெரியாதா, கதை பாதியில உண்மை நுழைஞ்சா என்ன ஆகும்னு?"

பிறகு ஏற்பாடு பண்ணுவோம் என்பதை நம்பி மனிதர்கள் எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள் என்பதற்கு என் வீட்டெதிரே மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளமே சாட்சி. அந்தப் பள்ளத்தோரம் பஸ் நகராமல் நின்ற அந்த மாலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்தேன். ஸ்க்ரிப்டில் இல்லாததைத்தானே சேர்க்கக் கூடாது? ஸ்க்ரிப்டை எழுதுகிறவன் நான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் செல்போனில் எழுதினேன். மேகம் இல்லை, மழை இல்லை, ஒரு உவமைகூட என்னுடையது இல்லை. நெல்லிக்காய் அவருடையது, வெந்தயம் அவருடையது, தாண்டிப் போகும் பஸ் அவருடையது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே குறைவாகத் திருத்திய பக்கம். டைரக்டர் மேடத்துக்கு அனுப்பினேன். 'இறுதித் தேர்வுக்குத் தலைவலியை மாற்றலாமா? இது இன்னும் அழுத்தமாக இருக்கும்.' வீடு சேர்வதற்குள் பதில் வந்தது. 'அருமை சார். ரொம்ப ரியல். மாப்பிள்ளை பார்ப்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்.' சற்றுமுன் நான் சொன்ன கட்டி இதுதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எழுத்தில் வந்துவிட்டதல்லவா?

காலையில் செருப்பு விடும் இடத்தில் அந்த அம்மாவிடம் சொன்னேன். "இன்னைக்கு நீங்க கட்டியைச் சொல்லலாம். எழுதிட்டேன்."

"எழ்திட்டியா? சொன்னா தப்பில்லியா?"

"சொல்லாட்டிதான் தப்பு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனுக்குக் கீற வியாதிய எனக்கே குட்த்துட்ட. நல்ல ஆளு சார் நீ." ஆனால் படி ஏறும்போது நடையில் ஒரு வேகம் இருந்தது. கதவைத் தட்டப்போகிறவரின் வேகம்.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. எங்கள் முறையில் நோயாளியைத் தொடக்கூடாது. ஒரே நாளில் அத்தனை பேர் தொட்டால் நோயாளி என்ன ஆவார் என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதி. வந்தவர், "இப்போ பரிசோதிக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதும். பரிசோதித்தால் என்ன தெரியுமோ அதை நோயாளி வாயால் சொல்லிவிடுவார். மதிப்பெண் விழுந்துவிடும்.

அன்று மணமகன் அறையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டதெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். டிங். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. இப்போ பரிசோதிக்கிறேன்." "ஒரு கட்டி கீது டாக்டர், நெல்லிக்கா கணக்கா." "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், தைரியமா இருங்க." டிங். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது." டிங். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் சரியாகக் கேட்டார்கள், சரியாகச் சாய்ந்தார்கள், சரியான இடத்துக்கு அனுப்பினார்கள், ஒரு தாள்கூடக் கை மாறவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் தேய்ந்தது. முதலில் கட்டியைச் சொல்லும்போது அதில் ஒரு கேள்வி இருந்தது. மதியத்துக்குள் கேள்வி போய்விட்டது. காய்கறிக்காரர் விலை சொல்வதுபோல் சொன்னார். மூலையில் இருந்து மதிப்பெண் போட்டது டைரக்டர் மேடமே. புது ஸ்க்ரிப்ட் அல்லவா, நேரில் பார்க்க ஆசைப்பட்டார். "பியூட்டிஃபுல்" என்று அவ்வப்போது மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது.

எழுதினால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அந்த ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கடைசிச் சுற்றில் சாந்தோம் பெண். கேட்டாள். அந்த அம்மா விலை சொன்னார். நான் வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"காட்டுங்க."

"சொன்னா போதும்மா. தொடத் தேவயில்ல."

"எனக்குச் சொல்லத் தெரியல. காட்டுங்க." நாற்காலி நகர்ந்தது. "மேடம், கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"நான் வெளிய போனா மார்க் யாரும்மா போடறது?"

"பரவால்ல மேடம்."

மணமகள் அறைக் கதவு சாத்தப்பட்ட ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். பித்தளை எழுத்துக்களுக்கு முன்னால், அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி டைரக்டர் மேடம் நின்றுகொண்டிருந்தார். தன் வாழ்நாளில் ஒரு மூடிய கதவுக்கு வெளியே காத்திருந்து பழக்கமில்லாத நிற்பு அது. எதில் சாய்வது என்று தெரியவில்லை.

டிங். கதவு திறக்கவில்லை.

மறுபடி டிங். மண்டபம் முழுதும் நின்றுவிட்டது. ஒரு அறை திறக்காவிட்டால் எந்த அறைக்கும் ஆள் மாற முடியாது. அவரவர் எதிரில் அவரவர் ஏழையோடு அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த பேச்சு தீர்ந்த பிறகு என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் எதிரே இருந்த இளம் டாக்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "சாப்டீங்களா சார்?" என்றார். அன்று முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி. மேடைப் பக்கம் டிபி மாமா மட்டும் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். கிடைத்த கூடுதல் நேரத்தில் அவர் ரத்தம் கக்கும் கட்டத்துக்கே போய்விட்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

கதவு திறந்தது. அந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. கிழிந்த சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தார். பின்னால் பல்புகள் எரிய, சாந்தோம் பெண் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் மேடம் அட்டையை இறக்கினார். "நேரத்தை மீறிட்டியேம்மா. நான் பார்க்காததுக்கு எப்படி மார்க் போடறது? நீ அடுத்த பேட்ச்ல திரும்ப வரணும்." பிறகு முகம் மலர்ந்து அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்க அசத்திட்டீங்க. இந்த ரோலை உங்களுக்கே நிரந்தரமாக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"மேடம், அது ரோல் இல்ல" என்றாள் சாந்தோம் பெண்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ரோல்னே தெரியல."

"கட்டி இருக்கு மேடம். ரெண்டு இடத்துல. கெட்டியா இருக்கு. நகர மாட்டேங்குது."

நான் மணமகன் அறையிலிருந்து வெளியே வந்தேன். "நேத்து உங்ககிட்ட சொன்னேனே, அது" என்றேன்.

டைரக்டர் மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியாக அந்த அம்மாவைப் பார்த்தார். கிழிசலை அல்ல, முகத்தை. அவர் உதடு ஏதோ தேடியது. வெளிநாட்டுப் படிப்பு, இத்தனை வருஷப் பயிற்சி, எல்லாவற்றிலும் தேடியது. வேறொன்றும் கிடைக்காமல், கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போனது. தலை லேசாகச் சாய்ந்தது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். குரல் உடைந்திருந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். மணி கேட்டதும் முட்டிக்குப் போகும் என் கைக்கும் நெஞ்சுக்குப் போன அவர் கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த அம்மா பொறுமையாகத் தலையாட்டினார். "சரிங்க மேடம்." பிறகு சாந்தோம் பெண்ணிடம், "ஏம்மா, உன்ன ஃபெயிலாக்கிட்டேனா?" என்றார்.

"அத விடுங்க. காலைல சீக்கிரமா வந்துடுங்க. நான் போய் க்யூல நிக்கறேன். அங்க என் அத்தைக்குத் தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க."

"அந்த ஸ்டாப்புல நா எறங்க மாட்டேன்."

"முந்தின ஸ்டாப்ல இறங்கி நடந்து வாங்க. சார் கூட வருவாரு." என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்.

கீழே இறங்கும்போது டிபி மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார். நல்ல அங்கவஸ்திரம் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும், மேடையில் சம்பந்தியாக இருந்த காலத்துப் பழக்கம். அதை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். "முகத்த மூடிண்டு போங்கோ. யாருக்கும் அடையாளம் தெரியாது. வேஷம் போடறதுல எனக்கு அனுபவம் உண்டு."

"ஆம்பள துண்டப் போத்திகினு போனா இன்னும் நல்லாப் பாப்பானுங்க மாமா" என்றார் அவர். ஆனால் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அடையாறு பகுதியில், ஆஸ்பத்திரிக்கு முந்தின நிறுத்தத்தில் நான் காத்திருந்தேன். மயில்கழுத்துச் சேலையில், கதம்பத்தோடு, அங்கவஸ்திரம் இல்லாமல் இறங்கினார். நடந்தோம். ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. சிக்னலில் ஷேர் ஆட்டோக்கள் உறுமின. எதிரே தெரிந்த முகம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தவர், பெரிய ஆஸ்பத்திரி சுவர் தொடங்கியதும் நின்றுவிட்டார். வாசலில் அவருடைய தெருக்காரர் ஒருவர், மனைவியை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார்.

"அவனும் யாராண்டயும் சொல்லாம வந்துகினு கீறான்" என்றார் அந்த அம்மா.

வரிசையின் நடுவிலிருந்து சாந்தோம் பெண் கையை உயர்த்திக் காட்டினாள். அந்த அம்மா வலது கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அடி எடுத்து வைத்தவர் திரும்பினார்.

"சார், உள்ள டாக்டரு கேட்டா இன்னா சொல்லணும்? நீ எழ்தினதா, இல்ல எனுக்குக் கீறதா?"

"உங்களுக்கு இருக்கறதைச் சொல்லுங்க. அது போதும்."

"அப்போ நீ எதுக்கு சார் நின்னுகினு கீற? கெளம்பு."